ஃபேனைக் கடைசியாக எண்ணு: மகளுக்கு ஒரு கடிதம்

மதுரை,
மே 11

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களைக் கடைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பார்த்தேன். விளையாட்டுக் காட்சிகளைத் திரையில் வரையும் கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டைக் காட்டி, இரண்டிலும் இருப்பது ஒரே ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் சிப்தான் என்னும்போது, ஒன்றில் மூன்று ஃபேன் இருக்கிறது என்பதற்காக ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். நீ விளையாடும் விளையாட்டுகளின் பெயர்கூட என் வாயில் நுழையாது. ஆனால் ஓரிடத்தில் பிறக்கும் சூடு எந்த வழியாக வெளியேறுகிறது, எங்கே தடைபடுகிறது என்று பார்ப்பதுதான் முப்பது ஆண்டுகளாக என் பிழைப்பு. ஃப்ரிட்ஜ், ஏசியில் கற்றதை வைத்து அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் துணிந்து எழுதுகிறேன்.

முதலில் உன் பழைய கார்டு. பொங்கலுக்கு வந்தபோது நீ வைத்துவிட்டுப் போனதைச் சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் கழற்றினேன். நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூக்களையும் மூலைக்கு மூலை மாற்றித் தளர்த்தி சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பாகமான ஹீட்சிங்கைத் தூக்கிப் பார்த்தால், இரண்டுக்கும் இடையே சூட்டைக் கடத்தச் சிப்பின் மேல் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் வற்றிய கண்மாய்த் தரைபோல வெடித்து ஓரங்களுக்கு ஒதுங்கி, நடுவில் வெறும் சிப் பளபளவென்று தெரிந்தது. அதைவிட மோசம் மெமரிப் பக்கம். மெமரி சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வைக்கும் மெத்தை போன்ற பேட் ஒழுங்காக அழுந்தியிருந்தால் சிப்பின் சதுரத் தடம் அதில் பதிந்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் தடமே இல்லாமல், உறையிலிருந்து உரித்த அன்று இருந்த வழவழப்பு அப்படியே இருந்தது. தயாரித்தவர்கள் அரை மில்லிமீட்டர் கூடுதல் தடிமனான பேட் வைத்திருந்தால் போதும், அது ஹீட்சிங்கைத் தொட்டிருக்கும். கார்டு சூடாவதற்கு இத்தனை நாளும் நாம் தூசியையும் ஃபேனையும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பேஸ்ட்டும் பேடும் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே சோதனையை ஓட்டினேன். ஹாட்ஸ்பாட், அதாவது சிப்பில் மிகச் சூடான புள்ளி, 104 டிகிரியிலிருந்து 83-க்கு இறங்கியது. ஃபேனை நான் தொடவே இல்லை.

அதனால்தான் ஃபேன் எண்ணிக்கையைக் கடைசியில் பார் என்கிறேன். சூடு பிறக்கும் இடத்திலிருந்து தொடங்கு. நீ வாங்கப்போகும் கார்டின் சிப்பின் பரப்பு சுமார் 295 சதுர மில்லிமீட்டர், அதாவது பக்கத்துக்குப் பதினேழு மில்லிமீட்டர் கொண்ட ஒரு சதுரம். கார்டு இழுக்கும் 220 வாட்டில் மெமரிக்கும் மற்றவற்றுக்கும் போனது போக 150 வாட் அங்கே சேர்கிறது என்று வைத்துக்கொண்டாலும், சதுர சென்டிமீட்டருக்கு 50 வாட் ஆகிறது. அம்மாவின் இஸ்திரிப்பெட்டி 1000 வாட் இழுத்தாலும், அதன் அடித்தகட்டில் சதுர சென்டிமீட்டருக்கு ஆறேழு வாட்தான் வரும். இவ்வளவு நெருக்கமான சூட்டை வெறும் செம்புக் கட்டியை வைத்து விரித்துவிட முடியாது என்பதால்தான் ஹீட்பைப் வைக்கிறார்கள்.

ஹீட்பைப் என்பது நம் ஃப்ரிட்ஜின் ஏழைத் தம்பி. காற்றை உறிஞ்சியெடுத்த செம்புக் குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால், நூறு டிகிரிக்கு வெகு முன்பே சிப் பக்கத்தில் அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகி, காற்று படும் மெல்லிய உலோகத் தகடுகளான ஃபின்களின் பக்கம் போய்க் குளிர்ந்து, குழாயின் உட்சுவரில் ஒட்டிய செம்புத் தூள் படலத்தின் வழியே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் திரும்பி வந்துவிடும். கம்ப்ரஸர் கிடையாது, கேஸும் கிடையாது. அதே வேலையைத் தட்டையான பெட்டி வடிவில் செய்வது வேப்பர் சேம்பர். ஆனால் அதில் தண்ணீர் அளவு தவறினால் வினைதான். 2022 டிசம்பரில் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகளில், அந்தக் கம்பெனியே வடிவமைத்த கூலர் கொண்டவற்றில் சிலவற்றுக்கு ஹாட்ஸ்பாட் 110 டிகிரியைத் தொட்டது. சில வேப்பர் சேம்பர்களில் தண்ணீர் போதவில்லை என்று 2023 ஜனவரியில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அந்த கார்டில் ஒரு குறையும் தெரியாது. கேஸ் குறைந்த ஏசியும் அப்படித்தான், ஃபேன் ஜோராகச் சுற்றும்.

இனி நீ அனுப்பிய இரண்டுக்கும் வருகிறேன். மூன்று ஃபேன் கார்டின் அட்டைப்பெட்டியில் ஆறு ஹீட்பைப் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். கழற்றிக் காட்டிய படத்தில் பார், அந்தக் குழாய்களைத் தட்டையாக்கி நேரடியாகச் சிப்பின் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆறு மில்லிமீட்டர் குழாயைத் தட்டினால் எட்டு ஒன்பது மில்லிமீட்டர் அகலம் வரும். பதினேழு மில்லிமீட்டர் சிப்பின் மேல் இரண்டு, மிஞ்சினால் மூன்று குழாய்கள்தான் பொருந்தும். மற்றவை பந்தியில் இலை கிடைக்காத விருந்தாளிகள் மாதிரி ஓரத்தில் நிற்கின்றன. இரண்டு ஃபேன் கார்டில் நான்கே குழாய்கள் இருந்தாலும், சிப்புக்கும் அவற்றுக்கும் நடுவே நிக்கல் பூசிய செம்புத் தகடு வைத்து, நான்கையும் அதன்மேல் பற்றவைத்திருக்கிறார்கள். தகடு சூட்டை விரித்து நான்குக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். அந்தத் தகடே நீண்டு மெமரி சிப்புகளையும் மூடுவது எனக்கு இன்னும் பிடித்தது, ஏனென்றால் நீ வாங்கப்போகும் கார்டில் இருப்பது ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி, அது சூட்டுக்குப் பேர்போனது.

மூன்றாவது ஃபேனுக்கு அடியில் என்ன இருக்கிறது என்றும் பார்த்தேன். பக்கவாட்டுப் படத்தில் ஃபின்கள் அந்த ஃபேனின் பாதி தூரத்திலேயே முடிந்துவிடுகின்றன. மீதிப் பாதி வெறும் பிளாஸ்டிக் மூடிக்குள் காற்று ஊதுகிறது. ஒரே தடிமன், ஒரே ஃபின் நேர்த்தி என்றால் மூன்று ஃபேன் கார்டுதான் அமைதியாக ஓடும், அதை நான் மறுக்கவில்லை. இங்கே மூன்று ஃபேன் கார்டு இரண்டு ஸ்லாட் தடிமன்தான்; மற்றது இரண்டரை ஸ்லாட். கேபினட்டில் ஒரு கார்டுக்கு ஒதுக்கிய இடமான ஸ்லாட் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் என்பதால், அந்த அரை ஸ்லாட் முழுவதும் கூடுதல் ஃபின் ஆழம். இன்னொன்று, இரண்டு ஃபேன் கார்டில் பின் ஓரத்தில், முதுகை மூடும் தகடான பேக்பிளேட்டில் திறப்பு விட்டிருக்கிறார்கள். 2020 செப்டம்பரில், இந்தச் சிப்பை வடிவமைத்த என்விடியா கம்பெனி தன் ஆர்டிஎக்ஸ் 3080-இல் சர்க்யூட் போர்டைக் குட்டையாக்கி, ஒரு ஃபேனின் காற்று ஃபின்களை ஊடுருவி மறுபக்கம் வெளியேறும்படி செய்தது. அதன்பின் இந்தத் திறப்பைப் பலரும் வைக்க ஆரம்பித்தார்கள். போர்டில் மோதித் திரும்பும் காற்றைவிட நேராகப் போய்விடும் காற்று எவ்வளவோ மேல்.

சத்தத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஃபேன் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றும் இரட்டிப்பாகும். ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் கூடும். ஆகவே ஒருவர் "65 டிகிரிதான் வருகிறது" என்று சொன்னால், ஃபேன் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் என்று கேட்காமல் நம்பாதே. 2003-இல் வந்த ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா கார்டின் ஃபேன் போட்ட இரைச்சலுக்கு வாக்குவம் கிளீனர் என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். சூட்டைச் சமாளித்தது, பக்கத்தில் உட்காரத்தான் முடியவில்லை.

நீ அனுப்பிய இரண்டு சோதனைகளும் 22 டிகிரி அறையில் செய்தவை. உன் வேளச்சேரி அறையில் இந்த மே மாதத்து மதியம் 34 டிகிரி இருக்கும். 22-இல் 66 காட்டினால் ஏற்றம் 44. உன் அறையில் அது 78 ஆகும், ஃபேன் இன்னும் வேகமெடுக்கும். அதனால் டிகிரியைப் பார்க்காதே, அறைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதைப் பார். ஹாட்ஸ்பாட்டுக்கும் சிப்பின் சராசரிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் குறித்துக்கொள். பத்துப் பதினைந்து இருந்தால் சரி, இருபத்தைந்தைத் தாண்டினால் ஹீட்சிங் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படு.

எவ்வளவு நல்ல கூலரும் சூட்டைக் கார்டிலிருந்து எடுத்து உன் அறைக்குள்தான் கொட்டும் என்பதை விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை. மொத்த கம்ப்யூட்டரும் 350 வாட் இழுத்தால், அது ஒரு டன் ஏசியின் திறனில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு ஒன்றே 575 வாட். உன் அறையில் ஏசி இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்து விளையாடு. கேபினட்டை மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருக்கிறாய், அதைப் படத்தில் பார்த்துவிட்டேன். அவுட்டோர் யூனிட்டை பால்கனி மூலையில் மாட்டி, அது விட்ட சூட்டையே அது திரும்ப உறிஞ்சும்படி செய்துவிட்டு, ஏசி குளிரவில்லை என்று எனக்குப் போன் செய்யும் வாடிக்கையாளர்களுக்கும் உனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு முழமாவது வெளியே இழு. முன்பக்கக் கண்ணாடியில் காற்றுக்கு வழியே இல்லை என்றால், ஐயாயிரத்தில் பாதியை வலைமுகப்பு உள்ள கேபினட்டில் போடு.

இரண்டு ஃபேன் கார்டையே வாங்கு. போட்டதும் பவர் லிமிட்டை 80 சதவீதமாக்கு, 176 வாட்டில் நிற்கும். விளையாட்டில் வித்தியாசம் உன் கண்ணுக்கு எட்டாது, சத்தத்தில் காதுக்கு எட்டும். கேபினட்டுக்குள் கார்டின் முனை தொங்காமல் இருக்க ஒரு முட்டு கொடு. பென்சில் கட்டையானாலும் போதும்.

பழைய கார்டை உன் தம்பிக்கே வைத்துக்கொள்ளலாமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். உன் அறையின் சூட்டை நாளை மதியம் மூன்று மணிக்கு அளந்து எனக்கு அனுப்பு. தெர்மாமீட்டரை ஃபேனுக்கு நேராக வைக்காமல், கேபினட் காற்று இழுக்கும் பக்கத்தில் வை.

அன்புடன்,
அப்பா