15ஆம் நாள் வந்த அழைப்பு

அன்புடையீர், வணக்கம்.

நாக்கில் வந்த புற்றுநோயாலும் அதற்கான அறுவை சிகிச்சையாலும் நான் பட்டதை நீங்கள் அறிவீர்கள். அதை மறுபடி விவரிக்கவில்லை. இந்த நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் கழுத்து நிணநீர்க் கணுக்களில் அது பரவவில்லை என்ற அறிக்கை இன்று காலை கைக்கு வந்தது. படித்த கையோடு இதை எழுதுகிறேன்.

என் முதல் நன்றி, எங்கள் ஊர்ப் பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நாக்கின் இடது ஓரத்தில் இருந்த புண், உடைந்த கடைவாய்ப்பல் உரசியதால் வந்திருக்கலாம் என்று மருத்துவர் பல்லின் கூர்முனையைத் தேய்த்துவிட்டு, இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் கட்டாயம் வரச் சொன்னார். வலி இல்லை, புகையிலைப் பழக்கமும் இல்லை. விடைத்தாள் திருத்தும் மும்முரத்தில் நான் போகவில்லை. 15ஆம் நாள் அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தார்: "சார், புண் ஆறிடுச்சா?" ஆறிவருகிறது என்று பொய் சொன்னேன். நான்கு நாள் கழித்து மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறை, "கண்ணாடியில பாத்துட்டுச் சொல்லுங்க சார், நான் லைன்லயே இருக்கேன்" என்றார். புண்ணின் விளிம்பு தடித்திருந்ததை அப்போதுதான் கண்டேன். மறுநாள் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய்தான், ஆனால் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு, முதல் கட்டம்.

அப்படி அழைக்கும்படி அவரிடம் எவரும் சொல்லவில்லை என்பதைப் பிறகு அறிந்தேன். பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே அவராகவே ஒரு தேதியைக் குறித்து வைத்திருக்கிறார். முப்பது ஆண்டுகள் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தவன் நான். நாள்கணக்கில் வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே குறியிட்டதோடு எத்தனை முறை நின்றுவிட்டேன் என்று மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி எண்ணிப் பார்த்தேன். மீண்டும் பள்ளிக்குப் போனால், மூன்றாம் நாளே அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நான் அழைப்பேன்.

புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு மருத்துவமனையின் மருத்துவர்கள், செவிலியர்கள், என் வகுப்புகளை ஏற்றுக்கொண்ட சக ஆசிரியர்கள், கஞ்சியை வடிகட்டி வடிகட்டியே கை சோர்ந்த என் மனைவி, இரவெல்லாம் நடைக்கூடத்தில் படுத்திருந்த தம்பி, அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

தமிழாசிரியனான எனக்கு இப்போது ழகரம் வரவில்லை. நாக்கின் நுனி மேல்நோக்கி வளைய மறுக்கிறது. பேச்சுப் பயிற்சி தொடர்கிறது. அது வந்ததும் முதலில் அந்தப் பெண்ணைத்தான் அழைத்துப் பேசுவேன். அதுவரை இந்த மடல்.