குளிர்கால ஸ்பெஷல்னு போடறீங்க, மாவு ஏன் பொங்கலன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல நடுப்பக்கம் ரெண்டையும் சேத்து குளிர்கால ஸ்பெஷல் சமையல்னு போட்டிருந்தீங்க. படமெல்லாம் சூப்பரா இருந்துச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஒவ்வொண்ணா படிச்சுட்டு வந்தா பிராக்கோலி சூப்புக்கு ஃப்ரெஷ் கிரீம், ஸ்வீட் கார்ன் சீஸ் டோஸ்ட், ஆலிவ் ஆயில் ரெண்டு ஸ்பூன், காளான் வெச்சு என்னமோ ஒண்ணு, கடைசில பேருக்கு ஒரு தூதுவளை ரசம், அதுக்கும் ‘சளியை அடியோடு விரட்டும்’னு தலைப்பு. இதுல எதைங்க நான் மார்கழி மாசம் திங்கக்கெழம காத்தால எந்திரிச்சு ஆக்கி, மூணு தூக்குப்போசில போட்டு, புள்ளைகள ஸ்கூல் வண்டில ஏத்தி உட்டுட்டு, எட்டரை மணிக்கு பனியன் கம்பெனில மிஷின் முன்னாடி உக்கார்றது?

இன்னொண்ணும் பாத்தேன். அதே நாள் பேப்பர்ல முன்னாடி பக்கத்துல முருங்கக்காய் விலை எகிறிப்போச்சுன்னு நீங்களே கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க, இணைப்ப பிரிச்சா முருங்கக்காய் சூப்புக்கு எட்டு காய் எடுத்துக்கோங்கன்னு இருக்கு. மழைலயும் பனிலயும் முருங்கப்பூ கொட்டிப்போகும், அதனால கார்த்திகை மார்கழில வருஷா வருஷம் இந்தக் கூத்துதான், இது ஊருக்கே தெரியும். நியூஸ் எழுதறவங்களும் சமையல் எழுதறவங்களும் ஒரே ஆபீஸ்லதான இருக்கீங்க, சித்த பேசிக்கக் கூடாதுங்களா? எட்டு காய்க்கு பதிலா ரெண்டு கைப்பிடி முருங்கக்கீரைய உருவிப் போட்டு சூப்பு வைங்கன்னு எழுதிருந்தா கூட நாலு பேரு வெச்சிருப்பாங்க, பனிக்காலத்துல காய் இல்லைனாலும் மரத்துல தழைக்கு அவ்வளவா பஞ்சமில்ல.

குளிர்காலம்னா எங்க வீட்டு அடுப்பங்கரைல மொதல்ல வர்ற பிரச்சனை சூப்பு இல்லீங்க, இட்லி மாவு. சித்திரை வைகாசில ராத்திரி ஆட்டி வெச்சா காத்தால பாத்திரத்த தாண்டி மேடையெல்லாம் வழிஞ்சு கெடக்கற மாவு, மார்கழில அப்படியே கல்லாட்டம் உக்காந்திருக்கும். உளுந்து சரியில்லன்னு கடைக்காரர திட்டறாங்க, கிரைண்டர் சரியில்லன்னு வீட்டுக்காரரோட சண்ட போடறாங்க. விஷயம் என்னன்னா மாவ புளிக்க வெக்கற அந்த கண்ணுக்கு தெரியாத உசுருகளுக்கு 30 டிகிரி வாக்குல சூடு இருந்தாத்தான் வேலை ஓடும், இங்க திருப்பூர்ல மார்கழி விடியக்காலம் 20 டிகிரி பக்கத்துல வந்துருது, அதுவும் சிமெண்ட் மேடை மேல வெச்சா பாத்திரம் ஐஸ் மாதிரி ஆயிருது. அதனால நாங்க என்ன பண்றோம்னா, அரிசி உளுந்த வெதுவெதுப்பான தண்ணில ஊற வெக்கறோம், வெந்தயம் ஒரு ஸ்பூன் கூடவே போட்டுக்கறோம், ஆட்டும்போது பிரிட்ஜ் தண்ணி ஊத்தறதில்ல, ஆட்டி முடிச்சதும் பழைய மாவு இருந்தா ஒரு கரண்டி கலந்து கையாலயே நல்லா கரைச்சு, ராத்திரி சோறு வடிச்சு அடுப்ப அணைச்சதுக்கு அப்புறம் சுடுதண்ணி இருக்கற அகலமான பாத்திரத்துக்குள்ள மாவுப் பாத்திரத்த எறக்கி வெச்சு மேல ஒரு பழைய துண்ட போத்தி உட்டுடறோம். காத்தால பொங்கி வழியாட்டியும் இட்லிக்கு ஆகற அளவுக்கு எந்திரிச்சிருக்கும். தயிரும் இதே கதைதான், ஒற ஊத்துன பால ஹாட் பாக்ஸ்ல ஊத்தி மூடி வெக்கணும், இல்லைன்னா டப்பாவ அரிசி டிரம்முக்குள்ள அரிசில பொதைச்சு வெக்கணும், எங்க மாமியா காஞ்ச மொளகா காம்ப கிள்ளிப் போடுவாங்க. இந்த மாதிரி விஷயம் ஒரே ஒரு வரி உங்க ரெண்டு பக்கத்துல எங்கியாவது இருந்துச்சுங்களா? ஒரு வேள எழுதறவங்க பாக்கெட் மாவு வாங்கறவங்களோ என்னமோ, அதுவும் தப்பில்ல, நானும் முடியாத நாள்ல வாங்கறவதான்.

சரி, மாவு வேலைக்கு ஆகாத அன்னிக்கு என்ன? அரிசிம்பருப்பு சோறு. கொங்குப் பக்கம் இத சொல்லித் தர வேண்டியதில்ல, ஆனா உங்க பேப்பர் மத்த ஊருக்கும் போவுதுங்கறதால சொல்றேன். ரெண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளருக்கு கொஞ்சம் மேல தொவரம்பருப்பு, ரெண்டையும் ஒண்ணா கழுவி ஊற வெச்சுட்டு, குக்கர்ல கடலெண்ணை காஞ்சதும் கடுகு, சீரகம் தாராளமா, வரமொளகா கிள்ளிப் போட்டு, கருவேப்பிலை, சின்ன வெங்காயம் ரெண்டு கைப்பிடி, பூண்டு பத்துப் பல் தட்டிப் போட்டு, வெங்காயம் ஓரம் செவக்கறப்ப தக்காளி, மஞ்சத்தூள், கொஞ்சமா பொடிச்ச மொளகு. தக்காளி கொழைஞ்சதும் அரிசி பருப்ப போட்டு ரெண்டு பொரட்டு பொரட்டி, ஏழெட்டு டம்ளர் தண்ணி, உப்பு, மூணு விசில். ஆவி அடங்கித் தொறந்தா கொழகொழன்னு இருக்கணும், உதிரியா வந்தா அது பிரியாணிக்கு போற கேஸ், இதுக்கு ஆகாது. மேல நெய் இருந்தா நெய், இல்லைன்னா நல்லெண்ணை. தொட்டுக்க தயிர், சுட்ட அப்பளம். வெங்காயம் உரிக்கற நேரத்த கழிச்சா மொத்தமே அரைமணி நேரத்து வேலைங்க, கழுவறதுக்கும் ஒரே ஒரு குக்கர்தான்.

இதுலயே மார்கழி தைக்கு மட்டும் ஒரு விசேஷம் இருக்கு, பச்சை அவரக்கொட்டை. பழைய நாட்டு அவரை எல்லாம் ஆடில ஊணுனாலும் பகல் பொழுது சுருங்குனாத்தான் பூ உடும், அதனாலதான் பனி உழுக ஆரம்பிச்சதும் காய் கொட்டுது. பல்லடம் ரோடு உழவர் சந்தைல காத்தாலயே போனா பக்கத்து ஊரு அம்மாக்க சாக்குல கொட்டி வெச்சு உக்காந்திருப்பாங்க, மேல ஒரு மாதிரி பிசுபிசுன்னு கைல ஒட்டும், தனி வாசம் அடிக்கும், அந்த வாசம் இருந்தாத்தான் கொட்டை நல்லா இருக்கும்னு அர்த்தம். பொழுதோட டிவி பாத்துட்டே தோலிக்கலாம், புள்ளைகளும் உக்காரும், பாதி கொட்டை தரையில உருண்டு போயிரும் அது வேற விஷயம். அத ஒரு கைப்பிடி அரிசிம்பருப்புல போட்டா அன்னிக்கு அப்பளம் கூட வேண்டாம். எங்க கம்பெனில கிருஷ்ணகிரி பக்கத்து அக்கா ஒருத்தங்க இதையே ராத்திரி ஊறப் போட்டு காத்தால ஒவ்வொண்ணா பிதுக்கி தோல எடுத்துட்டு பிதுக்குப் பருப்பு கொழம்பு வெச்சு எடுத்துட்டு வருவாங்க, மத்தியானம் அந்த போசியத் தொறந்தா லைன்ல எல்லாரு கண்ணும் அங்கதான். பெங்களூர்ல ஜனவரி வாக்குல அவரைக்காய்க்குன்னு தனியா மேளா போட்டு ஊரே கூடித் திங்குது. நம்ம பேப்பர்ல பொங்கலன்னிக்கு படையல் போட்டோல ஓரமா தெரியறதோட அவரைக்கு மரியாத முடிஞ்சு போச்சு.

அப்புறம் கொள்ளு. இதப் பத்தி நீங்க எழுதறீங்கதான், இல்லைன்னு சொல்லல, ஆனா எழுதும்போதெல்லாம் ‘இளைச்சவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்கு கொள்ளு’ன்னு ஆரம்பிச்சு, தொப்பை குறையும், கொழுப்பு கரையும்னு முடிச்சர்றீங்க, அந்தப் பழமொழி போடாட்டி சம்பளத்துல புடிப்பாங்களோ என்னமோ. எங்க ஊட்ல கொள்ளு ஆக்கறது ருசிக்கு. ராத்திரியே ஊறப் போட்டு காத்தால குக்கர்ல வேக வெச்சா ஒரு வேலைல ரெண்டு பண்டம் ஆகும். வெந்த தண்ணிய வடிச்சு வெச்சுக்கிட்டு, கொள்ளோட வதக்குன சின்ன வெங்காயம், பூண்டு, வரமொளகா, மல்லி, சீரகம், ஒரு தக்காளி சேத்து கொரகொரன்னு அரைச்சா கொள்ளுப் பருப்பு, வடிச்ச தண்ணில புளி கரைச்சு மொளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு நுரை கட்டறப்ப எறக்குனா ரசம். சுடுசோத்துல பருப்புப் போட்டு நல்லெண்ணை ஊத்திப் பெசைஞ்சு முடிச்சுட்டு ரெண்டாவது சோத்துக்கு ரசம். வெளிய பனி, கை வெறைக்குது, அந்த நேரத்துல இத ஒரு வட்டல் தின்னு பாத்துட்டு அப்புறமா கொழுப்பு கரையுதா கரையலயான்னு எழுதுங்க.

இதுல எனக்கு நெசமாவே கோவம் வர்ற எடம் அந்த மருந்து தலைப்புதாங்க. சளிய விரட்டும், இம்யூனிட்டிய கூட்டும், நுரையீரல சுத்தம் பண்ணும், எதுக்குங்க இதெல்லாம்? தொண்ட கரகரன்னு இருக்கறப்ப சூடா மொளகு ரசம் குடிச்சா இதமா இருக்கும், மூக்கு கொஞ்சம் தொறக்கும், வாய்க்கு ருசி தெரியும், அவ்வளவு போதுமே அதுக்கு. போன வருசம் எங்க தெருல ஒரு புள்ளைக்கு மூச்சு இழுப்பு வந்து, ரெண்டு நாளா கஷாயமும் ரசமும் குடுத்துட்டே இருந்துட்டு அப்புறம் அர்த்த ராத்திரில ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனாங்க, நல்ல வேளையா பொழைச்சுக்கிச்சு. பேப்பர்ல வந்தா அது சத்தியம்னு நம்பறவங்க இன்னும் இருக்காங்க, பெரியவங்க கத்திரில வெட்டி செவுத்துல ஒட்டி வெக்கறாங்க. ரசத்த ரசம்னு எழுதுங்க, மூச்சு வாங்குனாலோ காய்ச்சல் உடாம அடிச்சாலோ டாக்டர்ட்ட போங்கன்னு கீழ ஒரு வரி சேத்திருங்க.

சத்து கணக்கு எழுதணும்னா எழுதலாமுங்க, அதுக்கு நம்பற மாதிரி ஆளு இருக்காங்க. ஐதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டின்னு வெளியிட்டாங்க, அதுல ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்புடற ஆளுக்கு பயறு பருப்பு 85 கிராம், காய்கறி கீரை 400 கிராம்னு கணக்கு போட்டிருக்காங்க, உப்பு 5 கிராமத் தாண்ட வேண்டாங்கறாங்க, புரோட்டீன் பவுடர் வாங்காதீங்கன்னும் சொல்றாங்க. உங்க சமையல் பக்கத்துக்கு கீழ அரைப்பக்கம் என்ன விளம்பரம் வருதுன்னு நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. மதியம் அரிசிம்பருப்பும், ராத்திரி கொள்ளும், நடுவுல ஒரு அவரைப் பொரியலும் ஓடுற வீட்ல அந்த 85 கிராம் பெரிய விஷயமே இல்ல, நெசமா இடிக்கறது காய்கறி 400 கிராம்தான். நாலு பேரு இருக்கற வீட்டுக்கு தெனம் ஒன்றரை கிலோவுக்கு மேல ஆகுது, அதுக்கு எந்த மாசம் எந்தக் காய் மலிவுன்னு தெரியணும், முள்ளங்கியும் பூசணியும் அவரையும் மலிவா கெடைக்கற மாசத்துல அதுங்கள வெச்சு எழுதுனாத்தான ஒதவும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிடறேன். எங்க லைன் ஊட்ல பக்கத்து வாசல் பீகார்க்காரங்க, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கம்பெனி வேலைதான். அந்தப் பொண்ணு குளிர் நாள்ல ஒரு கத்திரிக்காய கீறி உள்ள பூண்டுப் பல்ல சொருகி கேஸ் அடுப்பு நெருப்புலயே திருப்பித் திருப்பி சுடும், தோல் கருகி உள்ள கூழா ஆனதும் உரிச்சு, சுட்ட தக்காளி, பச்சை வெங்காயம், பச்சை மொளகா, உப்பு, மேல கொஞ்சம் கடுகெண்ணை ஊத்திப் பெசையும், சோக்கான்னு பேரு. கடுகெண்ணை வாசம் எனக்கு மொதல்ல ஏறல, இப்ப நல்லெண்ணை ஊத்தி நானும் பண்றேன், ராகி களிக்கு அப்படி ஒரு ஜோடி. இந்த ஊர்ல இன்னிக்கு எத்தன ஊரு சமையல் ஒரே சந்துக்குள்ள வேகுதுன்னு உங்க நிருபர் ஒரு நாள் பொழுதோட நடந்து பாத்தாலே ஒரு பக்கம் தேறும்.

அதனால என்னோட கோரிக்கை இதுதானுங்க. தை மாச இணைப்புக்கு சமையல் பக்கம் போடும்போது நாலு பேருக்கு ஆக்க மொத்தம் எவ்வளவு செலவு, எத்தன நிமிசம், எத்தன பாத்திரம் கழுவணுங்கறத ரெசிபிக்கு மேலயே போடுங்க. அன்னிக்கு உழவர் சந்தை போர்டுல என்ன விலைன்னு பாத்துட்டு காய முடிவு பண்ணுங்க. தூத்துக்குடி பக்கத்துல இருந்து பொங்கலுக்கு பனங்கெழங்கு கட்டு வரும், அத மஞ்சளும் உப்பும் போட்டு எப்படி அவிக்கறது, நடுவுல இருக்கற குருத்தையும் நாரையும் எப்படி எடுக்கறதுன்னு இங்க பாதிப்பேருக்கு தெரியாது, அத எழுதுங்க. ‘இல்லத்தரசிகளுக்கு’ன்னு மேல போடற பட்டைய எடுத்துருங்க, எங்க ஊட்ல ஞாயித்துக்கெழம கொள்ளு கடையறது எங்க ஊட்டுக்காரர்தான், அவுருக்கு அத படிக்க ஒரு மாதிரியா இருக்குதாம். மாவு மேட்டர மட்டும் பொங்கலுக்கு முன்னாடியே போட்டுருங்க, தை பொறந்து வெயில் ஏறிருச்சுன்னா அப்புறம் அதுக்கு வேலையில்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.