ஏலக்காய்க்குத் திறந்த வழி எங்களுக்கும் வேண்டும்

இடுக்கி, தேனி மாவட்ட ஆட்சியர்கள் இருவருக்கும் வணக்கம்.

தனித்தனியாக எழுதினால் "அது அந்தப் பக்கத்து விஷயம்" என்றுதான் பதில் வரும். கொரோனா காலம் முழுக்க அதைக் கேட்டுச் சலித்துவிட்டோம். அதனால்தான் இருவருக்கும் சேர்த்து இந்த ஒரே மடல்.

போடி, தேவாரம், கம்பம், கூடலூர்ப் பக்கத்துப் பெண்கள் நாங்கள். விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கவும் களை வெட்டவும் போகிறவர்கள். வேலை கேரளத்தில். ரேஷன் அட்டை, சர்க்கரை மாத்திரை, கர்ப்பப் பதிவு, பிள்ளைகள் எல்லாம் தமிழ்நாட்டில். 2020 மார்ச்சில் செக்போஸ்ட்டை அடைத்ததும் சிலர் தோட்டத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். சிலர் காட்டுப்பாதையில் இறங்கினார்கள். அப்படி ராசிங்காபுரத்துக்கு நடந்தவர்களில் சிலர் காட்டுத்தீயில் செத்துப்போனார்கள், ஒரு குழந்தையும் சேர்த்து.

அடைத்ததைக் குறை சொல்லவில்லை. நோய் பரவினால் அடைக்கத்தான் வேண்டும். யாருக்காக எதைத் திறந்தீர்கள் என்பதுதான் எங்கள் வழக்கு. இடுக்கிப் புத்தடியில் நின்றுபோன ஏலக்காய் ஏலம் சில மாதத்திலேயே மறுபடி தொடங்க வழி கண்டீர்கள். டாஸ்மாக்கைத் திறக்கத் தமிழ்நாட்டு அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. (அது திறந்த பிறகு வீட்டில் பெண்கள் பட்டதற்கு இன்னொரு மடல் எழுத வேண்டும்.)

என் சித்தி மகள் அப்போது ஐந்து மாதம். பூப்பாறைப் பக்கம் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தாள். ஒரே அறை, ஆறு பேர், கக்கூஸ் நாலு குடும்பத்துக்குப் பொது. ராத்திரி எழுந்து போகப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள்; நீர்க்கடுப்பு வந்தது. அங்கே சுகாதார வேலை பார்க்கிற ஒரு ஆஷா சேச்சி தேடி வந்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், ஒரு தாளில் மலையாளத்தில் எழுதியும் கொடுத்தார். அந்த அம்மா நல்லா இருக்கணும். ஆனால் ஊர் திரும்பி அந்தத் தாளை நீட்டியபோது, "இது எங்க ரெக்கார்டுல ஏறாது" என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கிடைக்கும் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணை தவணையாகத்தான் வரும், மாதப் பரிசோதனை பதிவாகியிருந்தால். இவளுக்குப் பதிவு காலி. பேறுகாலத்துக்கு வட்டிக்கு வாங்கினோம்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை தமிழ்நாட்டில் 53.4 சதவீதம், கேரளத்தில் 36.3. எங்கள் ஜீப்பில் இருக்கிறவர்களை எந்த மாநிலம் தன் கணக்கில் எடுத்துச் சரிசெய்யும்? கேரளத்து ஆஸ்பத்திரிக்கு நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். போடிக்கு வந்தால், பகலில் வீட்டில் இல்லாதவர்கள்.

2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைய ஆர்டிபிசிஆர் சான்று அல்லது இரண்டு டோஸ் ஊசி என்றானது. காரில் வருகிறவர்களுக்கு அது ஒரு பேப்பர். எங்களுக்கு, சோதனை எடுக்கப் போன நாளின் கூலியும் போச்சு. ஊசிக்குப் பதிய வீட்டில் இருந்த ஒரே போன் ஆம்பளைகள் கையில்.

அடுத்த நோய் வரும்முன் இரண்டு மாவட்டமும் சேர்ந்து ஓர் உத்தரவு எழுதி வையுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் எல்லையை அடைத்தாலும் செல்லும் ஒரு மருத்துவ அட்டை. ஒரு பக்கம் பார்த்த பரிசோதனையை மறுபக்கம் பதிவில் ஏற்க வேண்டும். லயத்தில் கக்கூஸ், தண்ணீர் இருக்கிறதா என்று தோட்ட நிர்வாகத்திடம் கேட்காமல், நேரில் வந்து பெண்களிடம் கேளுங்கள். வந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள். மற்ற நேரம் எடுக்கிற காயின் எடை குறையும் என்று கங்காணி பேச விடமாட்டார்.

எங்களுக்குத் தனித்தனியாகப் பதில் அனுப்ப வேண்டாம். உத்தரவைத் தமிழிலும் மலையாளத்திலும் மூன்று செக்போஸ்ட்டிலும் ஒட்டினால் போதும். படிக்கத் தெரிந்தவர்கள் ஜீப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்வோம்.

இப்படிக்கு,
போடியிலிருந்து ஏலத்தோட்டம் போகிற ஒருத்தி