வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: 97 டிகிரி பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

என் லேப்டாப் பழுதுபார்க்கும் கடையைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவை உங்களில் பலர் எனக்கே அனுப்பிக் கேட்டுவிட்டீர்கள். "ஸ்க்ரீனில் 97 டிகிரி காட்டிப் பயமுறுத்தி பேஸ்ட் மாற்றினார்கள். வீட்டில் துப்பாக்கி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 46தான்" என்கிறார் அதில் பேசும் சார், எங்களிடம் லேப்டாப் கொடுத்தவர். பேஸ்ட் என்பது லேப்டாப்பின் முக்கிய சிப்பான பிராசஸரின் சூடு வெளியே கடத்தப்பட அதன் மேல் தடவும் பசை. பதினான்கு வருடமாக சென்னை ரிச்சி தெருவில் கடை வைத்திருக்கிறேன். வேலை சரியில்லை என்றால் கேட்டுக்கொள்வேன். பொய் அளவு காட்டினேன் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அவர் வீட்டில் அளந்தது பேஸ்ட் மாற்றிய பிறகு. அதுவும் லேப்டாப்பின் அடிமூடியை. அந்தத் தெர்மாமீட்டர் எதிரே இருக்கும் பரப்பின் சூட்டை மட்டும்தான் சொல்லும், உள்ளே இருக்கும் சிப் அதற்குத் தெரியாது. மூடியைக் கழற்றிப் பிடித்தாலும் சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பளபளப்பான ஹீட் பைப் என்ற உலோகக் குழாய் மேல் குறைவாகவே காட்டும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் வெப்பக் கதிரைக் கொஞ்சமாகத்தான் விடும். அதே இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிப் பிடித்தால் எண் சட்டென்று ஏறும். நேரில் வாருங்கள், காட்டுகிறேன்.

நாங்கள் பார்ப்பது சிப்புக்குள்ளேயே இருக்கும் சென்சார் தரும் அளவு. சிலிக்கான் டயோடு என்ற சின்ன மின்பாகம் சூடாக ஆக அதன் வோல்டேஜ் டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். இந்த மாதிரி மாற்றத்தை வைத்துத்தான் சிப் தன் சூட்டைக் கணக்கிடுகிறது. இன்டெல் சிப் சொல்வது, தன் வெப்ப எல்லையைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதை. பல லேப்டாப்புகளில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். தொட்டுவிட்டால் எரிந்துபோகாது, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைத்தான் நீங்கள் 'ஹேங் ஆகுது' என்று கொண்டுவருகிறீர்கள்.

அந்த லேப்டாப்பில் சிப்பில் கணக்குப் போடும் பகுதிகளான எல்லா கோருக்கும் முழு வேலை கொடுத்த இரண்டாம் நிமிடமே 97 வந்தது. பழைய பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. மாற்றிய பின் அதே சோதனையில் 81. இதை அவருக்கு எழுதிக் கொடுக்காதது என் தவறு, மன்னிக்க வேண்டும். இனி பில்லிலேயே இரண்டு அளவும் இருக்கும்.

பதிவு சுற்றிய வாட்ஸ்அப் குழுவில் எனக்காகப் பேசியவர்களுக்கும், புகாரைக் கேட்ட பிறகும் லேப்டாப்பை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன கல்லூரிப் பிள்ளைகளுக்கும் மனமார்ந்த நன்றி.



பழைய பில்லோடு வருபவர்களுக்கு இந்த மாதம் முழுக்க இலவசமாக மறுபடி அளந்து காட்டுகிறேன். சார்ஜரை மறக்காமல் கொண்டுவாருங்கள். வெறும் பேட்டரியில் பல லேப்டாப்புகள் முழு வேகத்துக்குப் போகாது, அளவும் குறைவாகவே வரும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்