காஸ் பாதுகாப்பு: ஞாயிறு காலை எல்லோரும் வாருங்கள்

குடியிருப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் காஸ் டியூப் வெடிப்பு விட்டிருந்தது. நல்ல வேளை, வாசனை வந்ததுமே கவனித்துவிட்டார்கள்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு கார் நிறுத்துமிடத்தில் தீயணைப்பானை இயக்கிப் பழகுவோம். அரை மணி நேரம்தான். வீட்டுக்கு ஒருவராவது வரவேண்டும், முக்கியமாகச் சமைப்பவர்.

அதற்குள் செய்ய வேண்டியவை:

1. டியூபை லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, 5 ஆண்டு தாண்டியிருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

2. சிலிண்டரின் மேல்பகுதித் தகட்டில் சோதனைக் கெடு இருக்கும். பி 27 என்றால் 2027 ஜூன் வரை. கெடு முடிந்ததை வாங்காதீர்கள்.

3. இரவில் ரெகுலேட்டரை மூடுங்கள்.

4. மாடிப்படியில் உள்ள செருப்பு ஸ்டாண்டு, சைக்கிள், பழைய பேப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். புகை சூழ்ந்தால் நமக்கு இருப்பது அந்த ஒரே வழிதான்.

காஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பலருக்கும் கை முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குத்தான் போகும்; அதில் எழும் சின்னப் பொறியே போதும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கிவிடும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். அப்புறம் 1906-ஐ அழையுங்கள். தீப்பிடித்தால் 101.

வருபவர்கள் வீட்டு எண்ணைச் சனி மாலைக்குள் இங்கே பதிவிடுங்கள். படி இறங்க முடியாத பெரியவர்கள் இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவர்களை அழைத்து வர யார் என்று முன்பே முடிவு செய்ய வேண்டும்.

- செயலாளர், குடியிருப்போர் சங்கம்