பேரலல் போர்ட் இணைப்பு போர்டு இரண்டு முறை எரிந்தது: ஐந்தாவது புகார்

அனுப்புநர்:
எடைமேடை சர்வீஸ் கடைக்காரர், சேலம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்.

ஐயா,

வணக்கம். இதற்கு முன் எழுதிய நாலு கடிதத்துக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் வந்தது.

ஆத்தூர் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி மில் எடைமேடைக்கு எடையைப் பிரிண்டருக்கு அனுப்பும் உங்கள் போர்டைப் போட்டேன். அங்கே இருப்பது ஊசியால் அடித்து அச்சிடும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்; யுஎஸ்பிக்கு முந்தைய பேரலல் போர்ட்டில் இணைவது. கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்று சீட்டு வர வேண்டும்: மில்லுக்கு, லாரிக்கு, மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்த விவசாயிக்கு. பெட்டியில் "பேரலல் பிரிண்டரில் நேரடியாகச் செருகலாம்" என்று நீங்கள்தான் அச்சடித்திருக்கிறீர்கள். செருகினேன். இரண்டு நாளில் போர்டு செத்தது. மாற்றி அனுப்பியது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

இதைச் சொல்லக் கோயம்புத்தூருக்கு நாலு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கவுன்டரில் இருந்த பையன் போர்டைக் கையில்கூட வாங்கவில்லை. "அந்தப் பிரிண்டரைக் காயலான் கடைல போட்டுட்டு யுஎஸ்பி வாங்குங்க" என்றான். உட்காரச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடமாகத் தொழில் செய்கிறேன், என் பையன் வயதுகூட இருக்காது அவனுக்கு.

பிரிண்டரில் கோளாறு இல்லை. போர்டு 3.3 வோல்ட், பிரிண்டர் 5 வோல்ட் என்பது உங்களுக்குத் தெரியாததா? போர்டிலிருந்து பிரிண்டருக்குப் போகிற 8 டேட்டா லைனில் தொல்லை இல்லை. பிரிண்டரில் இருக்கும் டிடிஎல் என்ற 5 வோல்ட் சர்க்யூட் 2 வோல்ட்டையே ஹை, அதாவது 1, என்று எடுத்துக்கொள்ளும். திரும்பி வருகிற லைன்கள்தான் ஆளைக் கொல்கின்றன. 11ஆம் பின், அதாவது பிரிண்டர் "வேலையில் இருக்கிறேன், பொறு" என்று சொல்லும் பிஸி சிக்னலில் மீட்டர் வைத்தேன்: 4.8 வோல்ட். அது நேராக போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் சில்லின் காலில் இறங்குகிறது. நடுவில் ஒரு ரெசிஸ்டர்கூட இல்லை. அந்தச் சில்லு 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. 3.3 வோல்ட் சப்ளையில் ஒரு 74எல்விசி245, அதாவது 5 வோல்ட்டைத் தாங்கி 3.3 வோல்ட்டாகக் கொடுக்கும் சில்லு, நடுவில் போட்டிருந்தால் போதும். டீச்செலவுக் காசை மிச்சம் பிடித்திருக்கிறீர்கள்!

கிழங்கு வரத்து உச்சத்தில் இருந்தபோது சீட்டைக் கையால் எழுதினார்கள். லாரிகள் ரோடு வரை நின்றன. மில்காரர் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். எனக்கு நாலு லட்சம் நஷ்டம், பெயரும் போனது.

தயவுசெய்து 15 நாளுக்குள் இரண்டு போர்டுக்கும் பணத்தைத் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் எரிந்த போர்டுகளோடும் உங்கள் பெட்டியோடும் வந்து நிற்பேன். அந்தப் பையன் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த வாசகத்தையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
எடைமேடை சர்வீஸ் கடைக்காரர்