ஜாமீன் கிடைச்சும் உள்ளேயே கிடக்குறவங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

ஜெயில்ல கூட்டம் நிரம்பி வழியுதுன்னு போன இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன். கேஸ் இழுத்தடிக்குது, வாய்தா மேல வாய்தா, ஜட்ஜ் பத்தல, எல்லாம் சரிதான். ஆனா ஜாமீன் ஆர்டர் வந்த பிறகும் வெளிய வர முடியாதவங்களப் பத்தி ஒரு வரி கூட இல்லையேங்க. வக்கீல் குமாஸ்தாவா இருபது வருஷத்துக்கு மேல கோர்ட் வராண்டாவுலயே நிக்கிறவன் நான், அதான் எழுதுறேன்.

2022 கடைசியில நாட்டுல ஜெயில்ல இருந்த 5,73,220 பேர்ல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க. தீர்ப்பே ஆகாதவங்க. ஜாமீன் கிடைச்சும் ஷூரிட்டி இல்லாம, அதாவது சொத்து ரசீத காட்டி 'இவர் கோர்ட்டுக்கு வருவார், நான் பொறுப்பு'ன்னு கையெழுத்துப் போட ஆள் இல்லாம கிடக்குறவங்களும் இதுல உண்டு.

போன வருஷம் ஒரு பாட்டி பேரனுக்கு ஷூரிட்டி போட வந்துச்சு. மஞ்சப்பை, அதுக்குள்ள பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள நாலா மடிச்ச வீட்டு வரி ரசீது. ரசீது செத்துப்போன தாத்தா பேர்ல இருக்கு, பேர மாத்திட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க, பேர் மாத்தணும்னா வாரிசு சர்டிபிகேட் வேணும், அதுக்கு தாலுகா ஆபீஸ் அலையணும்னு பதினெட்டு நாள் ஓடிருச்சு. பையன் மேல இருந்தது ஒரே ஒரு செல்போன் திருட்டு கேஸ். இதே நேரத்துல காசு வாங்கிட்டு யாருக்கு வேணா ஷூரிட்டி போடுற ஆளுங்க கோர்ட் வாசல்லயே டீ குடிச்சிட்டு நிப்பாங்க, அவங்க பேப்பர் மட்டும் எப்பவும் பக்காவா இருக்கும்!

இது புதுசும் இல்ல. மோதி ராம்னு மத்தியப் பிரதேசத்து கொத்தனார் ஒருத்தர்கிட்ட 10,000 ரூபாய்க்கு ஷூரிட்டி கேட்டாங்க, சகோதரர் சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு அதையும் ஏத்துக்கல. 1978ல சுப்ரீம் கோர்ட் நீதிபதி கிருஷ்ணய்யர், ஷூரிட்டி இல்லாம அவரே எழுதிக் குடுக்குற 1,000 ரூபாய் சொந்த ஜாமீன்ல அவர விடச் சொன்னாரு. அப்புறம் 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவா சொல்லிருச்சு: ஆர்டர் அன்னைக்கோ மறுநாளோ ஈமெயில்ல ஜெயிலுக்குப் போகணும், 7 நாள்ல ஆள் வெளிய வரலன்னா ஜெயில் சூப்பிரண்டு, ஏழைங்களுக்கு இலவச சட்ட உதவி தர்ற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்லணும், ஒரு மாசத்துல ஷூரிட்டி தர முடியலன்னா கோர்ட்டே கண்டிஷன தளர்த்துறத யோசிக்கலாம். அதே வருஷம் மத்திய அரசு ஏழைக் கைதிங்க ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரைக்கும் தர்றதா ஒரு திட்டம் போட்டுச்சு, நல்ல விஷயம்தான், ஆனா கோர்ட் கேக்குறது பணத்த இல்லையே, சொத்து ரசீதோட ரெண்டு ஆள. அத எந்தத் திட்டம் தரும்?

சின்ன கேஸ்ல சொந்த ஜாமீன்லயே விட்டுட்டா என்ன குடிமுழுகிடும்னு தெரியல. ஓடிப்போறதுக்கு அந்தப் பேரனுக்கு பஸ் காசு கூட இல்ல.

உங்க நிருபர் ஒருத்தர தகவல் உரிமைச் சட்டத்துல (ஆர்டிஐ) மனு போடச் சொல்லுங்க சார். ஜாமீன் ஆர்டர் போட்டு 7 நாள் தாண்டியும் உள்ள இருக்குறவங்க எத்தனை பேர், அதுல எத்தனை பேரப் பத்தி ஆணைக்குழுவுக்கு தகவல் போச்சுன்னு ஜெயில் வாரியா கேட்டு அப்படியே அச்சுல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா